கர்ண மோட்சம் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுத: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

நம்ம தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்கூட, கல்லூரியில் நாடகத் திறனாய்வு என்றதும் "இதன் கரு நட்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. விடிய விடிய நடக்கிற ஒரு கூத்தை ஒரே வார்த்தையில் எப்படி அடைக்க முடியும்?

கருவைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் ஆளைப் பிடியுங்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, கர்ணன் பின்னால் நின்று பாடிக்கொண்டே வருவான். அங்க தேசத்து அரசன் என்று தன்னைப் பற்றி அவனே சொல்வதை நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கம், போருக்குப் போகுமுன் விடைபெற வரும் அவனைத் தேரோட்டி மகன் என்று மனைவி பொன்னுருவி இளக்காரம் பேசுவதையும், தேர் ஓட்டும் சல்லியன் சண்டை பிடிப்பதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்தப் பாத்திரம். பாட்டு பெரும்பாலும் மாறாது, ஆனால் பாட்டு முடிந்து வருகிற வசனம் குழுவுக்குக் குழு மாறும், அதனால் இரண்டு குழுவின் கூத்தையாவது பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

அப்புறம் குறியீடு. பலரும் கிரீடம், தேர்ச்சக்கரம், நாகாஸ்திரம் என்று பட்டியல் போடுவார்கள், அது வேண்டாம், ஒன்றே ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். நான் தானத்தை எடுப்பேன். உடம்போடு ஒட்டிப் பிறந்த கவச குண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்தது முன்கதை. குந்திக்கு இரண்டு வரம் கொடுக்கிறான், நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடமாட்டேன், அர்ச்சுனனைத் தவிர மற்றப் பாண்டவர்களைக் கொல்லமாட்டேன் என்று. கடைசியில், பதினேழாம் நாள் போரில் அடிபட்டுக் கிடக்கும்போது கிழப் பிராமணராக வரும் கண்ணனுக்குப் புண்ணியத்தையே கொடுக்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை, அம்பு பட்ட காயத்து ரத்தத்தால் வார்க்கிறான். மேல்தோலாக இருந்த கவசம் முதலில் போனது, பிறகு உயிர் காக்கும் ஆயுதம், பிறகு உள்ளே ஓடுகிற ரத்தம், அதுவும் போய்ப் புண்ணியம், இப்படிக் கொடை அவனுக்குள்ளே இறங்கிக்கொண்டே போகிறது. இன்னொன்றும் கவனியுங்கள், இந்திரனும் கண்ணனும் வேடம் போட்டுக்கொண்டுதான் கேட்க வருகிறார்கள். கொடுக்கிறவனுக்கு வேடம் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு கருவை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். "பிறப்பைச் சொல்லி மறுக்கப்பட்டவன் யாரையும் மறுக்காமல் வாழ்கிறான், அந்தக் குணமே அவனைக் கொல்கிறது" என்கிற மாதிரி வரவேண்டும். "ஆனால்" போட்டு யாராவது மறுத்துப் பேச இடம் இருந்தால் கரு சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கூத்து நடக்கிற இடத்தையும் விட்டுவிடாதீர்கள். வட மாவட்டங்களில் துக்க வீட்டில், கருமாதியை ஒட்டி இந்தக் கூத்தை வைக்கும் வழக்கம் உண்டு. குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு அழும்போது ஆர்மோனியம் மெல்ல இறங்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் முந்தானையை வாயில் வைத்து அழுவார்கள். அந்த நேரம் கூத்தாடுகிறவரை விட்டுவிட்டுத் திரும்பி அவர்களைப் பாருங்கள், யாருக்காக அழுகிறார்கள் என்று யோசித்து அதையும் எழுதுங்கள்.