காயலான் கடையில் பழைய போட்டோ தேடுவது எப்படி?

கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்தால் உத்தரமும் தூணும் மரக்கடைக்குப் போகும். பித்தளை எடைக்குப் போகும். பரணில் கிடந்த போட்டோக்கள் சட்டத்தோடு காயலான் கடைக்கு வந்து சேரும். அங்கே விலை சட்டத்துக்குத்தான், படத்தை உருவிக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் நாம் போய் நிற்க வேண்டும்.

முதலில், எங்கே போவது? காயலான் கடை, பழைய பேப்பர் கடை, பழைய பாத்திரம் வாங்கும் கடை, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் மரக்கடை. போகிக்கு முந்தைய பத்து நாள் நல்ல காலம், எல்லா வீட்டிலும் பரண் காலியாகும். “அண்ணே, பழைய போட்டோ, கடுதாசி வந்தா கிழிக்காம எடுத்து வைங்க” என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்து, விலை கேட்பதற்கு முன்னால் ஊர் கேளுங்கள். “இது எந்த ஊர் வீட்டுலேர்ந்து வந்துச்சு?” போட்டோக் கட்டு கலைந்துவிட்டால் அந்தப் பதில் அப்புறம் யாருக்கும் தெரியாது. சொன்னதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல படம் ஒன்றை மட்டும் பொறுக்காமல் கட்டை அப்படியே வாங்குங்கள். பத்துப் படத்தில் ஒன்றின் பின்னால் பெயர் இருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அதுதான் முகவரி.

மூன்றாவது, காலம் கண்டுபிடிப்பது. இதில்தான் எனக்கு மணிக்கணக்கில் நேரம் போகும். படத்தைத் திருப்புங்கள். ஸ்டூடியோ முத்திரையில் மாயூரம் என்றிருந்தால் பெரும்பாலும் 1982-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் மாயவரத்துக்கு மயிலாடுதுறை என்ற பெயர் வந்தது. பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன், அல்லது அதை ஒட்டி. காரைக்கால் பக்கத்திலிருந்து வந்த படங்களில் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், 1954 வரை அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். கல்யாணப் பத்திரிகையில் ‘லை’, ‘ணை’ எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்று நினைக்கலாம். அசல் படமா நகலா என்று பார்க்க, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டான இடங்களும் ஓரங்களும் பலசமயம் வெள்ளி பூசியது போல மினுங்கும்.

பாத்திரத்தையும் விடாதீர்கள். தவலை, கூஜா, குடம் எதுவானாலும் கழுத்துப் பக்கம் விரலால் தடவினால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தட்டுப்படும். கொஞ்சம் விபூதியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும். யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது, எந்தத் தேதி என்பதுவரை சில பாத்திரங்களில் இருக்கும்.

பழைய சாமி சிலை, செப்பேடு யாராவது காட்டினால் வாங்காதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய சிலைகள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அது எந்தக் கோயிலிலிருந்து போனதோ!

வீட்டுக்கு வந்ததும் அவசரம் வேண்டாம். நான் முதன்முதலில் வாங்கிய கல்யாணப் படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். மணப்பெண்ணின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேறு படம் இருந்ததோ என்னவோ, இன்றும் நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு அப்படியே வையுங்கள். எதிரே கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு மொபைலில் எடுத்தால் பிரதிபலிப்பு விழாது. தண்ணீர், வெயில், லேமினேஷன் மூன்றும் கூடாது. பின்னால் எழுத பென்சில் மட்டும், அதுவும் அழுத்தாமல். வெள்ளைக் காகித உறையில் போட்டு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். ஐப்பசி மழையில் பரணும் வெளிச்சுவரும் ஈரம் இழுக்கும்.

கடைசியாக, அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் காட்டுங்கள். “இது எங்க பெரியப்பா மாதிரி இருக்கே” என்று ஒருவர் சொன்னால் மறுவாரமே அசலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நமக்கு ஸ்கேன் போதும்.