"கேஸ் ஆயிரும்லா" என்று பயந்து செய்யும் தவறுகள்

தற்கொலைக்கு முயன்றவர்களையும், அந்த எண்ணத்தில் இருப்பவர்களையும் பற்றி எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சொல்லும் கதைகளில், கூட இருப்பவர்கள் செய்யும் அதே தவறுகள்தான் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகின்றன. அறிவுரை சொல்லிக் கொல்லாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கேஸுக்குப் பயந்து பொய் சொல்வது

களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோட்டத்து வீடு. பையன் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். வீட்டுப் பெரியவர் முதலில் பாட்டிலைக் கொண்டுபோய் வாழைமூட்டில் புதைத்தார். "கேஸ் ஆயிரும்லா, வயித்துவலின்னு சொல்லுங்க" என்று எல்லோருக்கும் பாடம் வேறு. உள்ளூர் கிளினிக்கிலும் அதை நம்பி வயிற்றுவலி ஊசி போட்டார்கள். பொழுது போய், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு டாக்டர் "என்ன மருந்து?" என்று கேட்கிறார், கூட வந்த அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மருந்துக்கு மருந்து சிகிச்சை மாறும், டாக்டருக்கு வேண்டியது அந்தப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள். பையன் பிழைத்தான், ஆனால் ஐசியுவில் படாத பாடு பட்டு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இத்தனைக்கும் அந்தப் பயமே பழைய பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு. முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், போலீஸ் வந்து விசாரிப்பார்கள், சரி, வரட்டுமே. அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலைப் பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது

செய்யாதீர்கள்.

நேராகக் கேட்கத் தயங்குவது

கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. "செத்துரலாம்னு தோணுதாண்ணே?" என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், தோட்டத்து மருந்தை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

குறி கேட்கப் போவது

போங்கள், டாக்டரைப் பார்த்த பிறகு.

ஆள் சம்மதிக்கட்டும் என்று காத்திருப்பது

அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சின்னப் பிள்ளை விஷயம் என்றால் 1098, வீட்டில் பெண் அடிபடுகிறாள் என்றால் 181. அவர் பேச மாட்டேன் என்றாலும், இப்படி ஒருவர் இருக்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று நீங்களே 14416-இல் கேட்கலாம்.