முதல் ஓவியம் வாங்கப் போகிறீர்களா?

ஓவியம் சேர்ப்பது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் ஹெர்பர்ட், டோரத்தி வோகல் தம்பதியைக் காட்டுங்கள். நியூயார்க்கில் ஹெர்பர்ட் தபால் ஊழியர், டோரத்தி நூலகர். டோரத்தி சம்பளத்தில் குடும்பம் நடந்தது, ஹெர்பர்ட் சம்பளம் ஓவியங்களுக்குப் போனது. வாங்குவது கைக்கு அடக்கமான விலையில் இருக்க வேண்டும், தங்கள் சின்ன வீட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்படியே வாழ்நாளில் நாலாயிரத்துக்கும் மேல் சேர்த்தார்கள், தொகுப்பை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுக்க 1992-ல் ஏற்பாடு செய்தார்கள்.

அவர்களிடம் இருந்தது பழகிய கண். அதனால் முதல் சில மாதம் எதையும் வாங்காதீர்கள். அருங்காட்சியகம், கண்காட்சி, கலைக் கல்லூரி மாணவர்களின் ஆண்டு இறுதிக் காட்சி என்று எது கிடைத்தாலும் போய்ப் பாருங்கள், பிடித்த படத்தோடு பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டையும் போனில் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே படங்களைப் புரட்டினால் பாதி அலுத்துப் போயிருக்கும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் ரசனை.

சரி, எதில் தொடங்குவது? கான்வாஸ் ஓவியத்துக்குக் கை எட்டாவிட்டால் கோட்டோவியம், நீர்வண்ணம், அச்சுப் பிரதி இவற்றைப் பாருங்கள். இதில் அச்சுப் பிரதியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கலைஞரே மரத்திலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ உருவாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டது மூலப் படைப்பு. கீழே பென்சிலில் 12/50 என்று இருந்தால் மொத்தம் ஐம்பதில் இது பன்னிரண்டாவது என்று அர்த்தம், 1/50 என்பதால் மட்டும் அது உசத்தி ஆகிவிடாது. இருக்கிற ஓவியத்தைப் படம் பிடித்து இங்க்ஜெட்டில் அடித்துவிட்டு 'ஜிக்லே' என்று அழகான பெயரில் விற்பதும் உண்டு. அது தப்பில்லை, ஆனால் போஸ்டரை விடக் கொஞ்சம் மேல் என்ற கணக்கில் விலை பேசுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து ஒழுங்கான வரிசையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அநேகமாக இயந்திர அச்சு. கையெழுத்தை மட்டும் நம்பவும் முடியாது, ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி வெற்றுத் தாள்களிலேயே ஏகப்பட்ட கையெழுத்துப் போட்டவர்!

விலை கேட்கக் கூச்சமே வேண்டாம். கேலரிகள் பெரும்பாலும் விலையில் பாதி வரை கமிஷன் எடுக்கும், தவணைக்கும் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். அதற்காகக் கேலரியில் படத்தைப் பார்த்துவிட்டுக் கலைஞரிடம் தனியாகப் போய்க் குறைத்துக் கேட்பது எனக்குப் பிடிக்காத வேலை, கேலரியிடம் கலைஞரின் பெயரும் சேர்ந்து கெடும். ஏலத்துக்குப் போனால், சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, கொண்டுவரும் செலவு எல்லாம் ஏறும். கமிஷனே பல இடங்களில் நூற்றுக்கு இருபதைத் தாண்டும்.

அப்புறம் காகிதங்கள். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), அளவு எல்லாம் எழுதிய ரசீது கட்டாயம் வேண்டும். பழைய படம் என்றால் இதுவரை யார் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். நியூயார்க்கில் நூறாண்டுக்கு மேல் பெயர் வாங்கிய நோட்லர் கேலரி 2011-ல் மூடப்பட்டது. ராத்கோ, பொல்லாக் போன்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர்கள் பெயரில் அங்கே விற்ற போலிகளின் மதிப்பு சுமார் 8 கோடி டாலர். போலி ஒன்றில் பொல்லாக் பெயரிலேயே ஓர் எழுத்தைக் காணோம், அத்தனை பெரிய மனிதர்களும் அதைக் கவனிக்கவில்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்த படத்தை வெயில் படும் சுவரிலோ ஈரம் ஏறும் சுவரிலோ மாட்டாதீர்கள். காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவுக்கு, அதாவது மங்கலாகத்தான், வெளிச்சமே விடுவார்கள். படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள், முன்னால் போடும் கண்ணாடி படத்தின் காகிதத்தைத் தொடக் கூடாது.

நாளைக்கே விலை ஏறும் என்று சொல்லி விற்பவரிடம், அப்படியானால் இதை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான படங்களை வாங்கிய விலைக்கு விற்பதே கஷ்டம். இன்னொன்று, படம் உங்களுடையது ஆனாலும் பதிப்புரிமை (காப்பிரைட்) பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும், டி-ஷர்ட்டில் அடித்து விற்கக் கிளம்பிவிடாதீர்கள்.