மெக்கட்ரோனிக்ஸ் படிக்கலாமா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோ, பிரம்டன் பக்கம் வந்து இறங்கும் நம் ஆட்கள் பலருக்கு முதல் வேலை ஏஜென்சி மூலமாகத்தான் கிடைக்கிறது. பெட்டி அடுக்குவது, லேபல் ஒட்டுவது, பெல்ட்டில் வருவதைத் தரம் பிரிப்பது. அங்கே மெஷின் நின்றுவிட்டால் லப்டொப்பும் மீட்டரும் கொண்டு ஒருவர் வருவார், அவர் சரிசெய்யும் வரை லைனில் உள்ள எல்லாரும் சும்மா நிற்பார்கள். அவர் படித்திருக்கக்கூடிய மெக்கட்ரோனிக்ஸ் பற்றித்தான், அதாவது இயந்திரம், மின்சாரம், கணினிக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்த படிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரோபோ செய்யப்போகிறோம் என்ற கனவோடு இதில் சேராதீர்கள். ரோபோவும் உண்டு, ஆனால் வேலையின் பெரும்பகுதி நின்றுபோன ஒன்று ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான்.

முதலில் பெயர்க் குழப்பம். ஒரு கல்லூரி மெக்கட்ரோனிக்ஸ் என்கிறது, இன்னொன்று எலெக்ட்ரோமெக்கானிக்கல், மற்றது ஓட்டோமேஷன் அண்ட் ரோபோட்டிக்ஸ். உள்ளே போனால் பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்காபரோவில் சென்டெனியல், பிரம்டனில் ஷெரிடன், எட்டோபிக்கோ பக்கம் ஹம்பர், கிச்சனர் பக்கம் கொனஸ்டோகா என்று தேடிப் பாருங்கள். டெக்னீசியன் என்றால் 2 வருட டிப்ளோமா, டெக்னோலஜிஸ்ட் என்றால் 3 வருடம். ஊரில் ஏற்கெனவே பி.இ. முடித்தவர்களுக்கு ஒரு வருட கிராஜுவேட் சர்டிபிகேட்டும் உண்டு, அவர்கள் முதலாம் வருடத்திலிருந்து திரும்பத் தொடங்குவது வீண் என்பது என் எண்ணம்.

காசு விஷயம் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரஜை, நிரந்தர வதிவிடம் உள்ளவர், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்றால் ஓசாப் எனும் ஒன்ராறியோ மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் தொழிற்பயிற்சிக்குக் காசுதவி தரும் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டத்தையும் விசாரியுங்கள், பலர் அதைக் கேள்விப்படாமலே கடன் வாங்கிப் படிக்கிறார்கள். கணக்கு மறந்துபோனவர்களுக்கு, இங்கே குடியேறியவர்கள் என்றால், கல்லூரிகளிலேயே கட்டணமில்லாத அக்கடமிக் அப்கிரேடிங் வகுப்பு உண்டு. திரிகோணகணிதம் தெரியாமல் ஏசி சர்க்கிட் வகுப்பில் போய் உட்காருவதைவிட ஒரு செமஸ்டர் அங்கே செலவழிப்பது எவ்வளவோ மேல்.

ஸ்டூடன்ட் விசாவில் வருபவர்களுக்குக் கதை வேறு. 2024 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் கல்லூரிப் படிப்பு முடித்து வேலை அனுமதி எடுக்க வேண்டுமென்றால், படித்த துறை அரசாங்கத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்வும் எழுத வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டிருப்பதால் பாடநெறியின் பெயரை நம்பாமல் அது எந்தத் துறை என்று காட்டும் சி.ஐ.பி. இலக்கத்தைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் இருக்கும் ஏஜென்ட் "எல்லாம் சரி" என்று சொன்னால் அது போதாது.

சரி, படிப்புக்கு வருவோம். ஊரில் மின்சார வேலை செய்தவர்கள் முதல் மாதம் கொஞ்சம் தடுமாறுவார்கள். அங்கே மூன்று பேஸ் 400 அல்லது 415 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே தொழிற்சாலைகளில் 600 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அதனால் நாம் 1500 என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு துருவ மோட்டரின் ஒத்தியக்க வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இங்கே 1800 ஆகிவிடுகிறது. வயரின் தடிப்பு சதுர மில்லிமீட்டரில் வராது, ஏ.டபிள்யூ.ஜி. எனும் அமெரிக்க வயர் அளவு இலக்கத்தில் வரும், அதிலும் இலக்கம் கூடக்கூட வயர் மெலியும். வரைபடக் குறியீடுகளும் வேறு. இதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

மெஷினை இயக்கிக் கட்டுப்படுத்தும் சிறு கணினிப் பெட்டிதான் பி.எல்.சி. அதைக் கேட்டதும் கணினி நிரல் என்று மிரளுபவர்களுக்கு ஒரு செய்தி. 1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அலமாரிகளுக்கு மாற்றுக் கேட்டதில்தான் இந்தப் பெட்டிக்கான வழி திறந்தது, ரிலே வரைபடம் வாசிக்கத் தெரிந்த எலெக்ட்ரிசியனுக்குப் புரியட்டும் என்றே நிரலை ஏணி போன்ற வரைபடமாக எழுதும் லேடர் முறையும் வந்தது. ஆகவே ஊரில் ரிலே, கொன்டக்டர் வயரிங் செய்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே அதிகம் காணும் பி.எல்.சி. வகை அலன்-பிராட்லி, சில இடங்களில் சீமன்ஸ். ஒன்றை வடிவாகக் கற்றால் மற்றது கஷ்டமில்லை.

இந்தப் படிப்பின் உண்மையான பெறுமதி லாபில்தான் இருக்கிறது. கன்வேயர் ஓடவில்லை என்று வையுங்கள். முதலில் சென்சரின் சின்ன விளக்கைப் பார்க்கிறீர்கள். பொருள் முன்னால் இருந்தும் எரியவில்லையா, லென்ஸில் தூசி, அல்லது யாரோ இடித்துத் திருப்பிவிட்டார்கள். விளக்கு எரிகிறது, ஆனால் பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியவில்லையா, நடுவில் 24 வோல்ட் வயரில் எங்கேயோ கோளாறு. அதுவும் எரிகிறதென்றால் லப்டொப்பைத் திறந்து நிரல் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் எங்கோ ஒரு பாதுகாப்புக் கதவு சரியாக மூடப்படாமல் இருக்கும். தொட்டி மட்டம் போன்ற சிக்னல்கள் 0க்குப் பதிலாக 4 மில்லி அம்பியரில் தொடங்கி 20 வரை போவதும் இதே காரணத்துக்காகத்தான்: 0 வந்தால் தொட்டி காலி என்று யாரும் ஏமாற மாட்டார்கள், வயர் அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இந்த வரிசையில் யோசிக்கும் பழக்கம் புத்தகத்தில் வராது, ஓபன் லாப் நேரத்தில் போய்ப் பிழை வைத்துப் பிழை எடுத்துப் பழகினால்தான் வரும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் குரூப் வேலையில் ரிப்போர்ட் எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, பனலைத் தொடும் வேலையை மற்றவனிடம் விட்டுவிடுகிறார்கள். மார்க் வரும், கை வராது. இன்டர்வியூவில் பழுதான ஒரு போர்டைக் காட்டிக் கேட்டால் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

லொக்அவுட், அதாவது பழுது பார்க்கும்போது மெஷினின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவைக்கும் பாடத்தைத் தூங்காமல் கேளுங்கள். உங்கள் பூட்டு, உங்கள் சாவி, அதை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் பூட்டாமல் மெஷினுக்குள் கை வைக்காதீர்கள், ஆபத்தான வேலையை மறுக்க ஒன்ராறியோ சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

அடுத்தது எல்லாரும் குழம்பும் இடம். டிப்ளோமா எடுத்தால் எலெக்ட்ரிசியன் ஆகிவிட முடியாது. 309ஏ என்பது எலெக்ட்ரிசியனுக்கான தனி உரிமம், அப்ரென்டிஸாக (வேலை பழகுபவராக) பதிந்து மணித்தியாலக் கணக்கில் வேலை செய்துதான் எடுக்க வேண்டும். தொழிற்சாலை மின்சார வேலைகளுக்கு 442ஏ, மில்ரைட்டுக்கு (தொழிற்சாலை இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்ப்பவருக்கு) 433ஏ. சில முதலாளிகள் டிப்ளோமாவோடு இவற்றில் ஒன்றையும் கேட்பார்கள், ஆகவே சேருமுன் உங்கள் பகுதி வேலை விளம்பரங்களை "மெயின்டனன்ஸ் டெக்னீசியன்", "கன்ட்ரோல்ஸ் டெக்னீசியன்" என்று போட்டு வாசித்துப் பாருங்கள். டிப்ளோமாக்காரர்கள் ஓவாசெட் எனும் ஒன்ராறியோ டெக்னீசியன், டெக்னோலஜிஸ்ட் அமைப்பில் சி.டெக். அல்லது சி.இ.டி. தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாமல் உங்களை எஞ்சினியர் என்று போட்டுக்கொள்ளாதீர்கள், இங்கே அது சட்டப் பிரச்சினை.

வேலை என்று வந்தால் கார் இல்லாமல் கஷ்டம். டொயோட்டா கேம்பிரிட்ஜிலும் வூட்ஸ்டொக்கிலும், ஹொண்டா அலிஸ்டனில். ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போய் இரவு ஷிப்ட் செய்வதை மறந்துவிடுங்கள். படிக்கும்போதே ஜி2 கார் ஓட்டும் உரிமம் எடுத்து வையுங்கள். கார்த் தொழிற்சாலைதான் வேண்டும் என்று நிற்கவும் வேண்டாம், பாண், இறைச்சி, பால் பதப்படுத்தும் இடங்களுக்கும் இதே ஆட்கள்தான் தேவை, தொடக்கத்தில் பழகுவதற்கு அவை நல்ல இடங்கள். வேலைக்கான பாதுகாப்பு ஷூ வாங்கும்போது பச்சை முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள்.

இங்கே குடியேறியவர்கள் செப்டம்பர் வகுப்புக்கு ஒன்ராறியோ கொலிஜஸ் தளத்தில் பெப்ரவரி 1க்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள், அதற்குப் பிறகு இடம் மிஞ்சினால்தான். அதற்கு முன் ஓபன் ஹவுஸுக்குப் போய், விளம்பரத் தாள் கொடுப்பவரைத் தாண்டி லாபைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பி.எல்.சி.க்கு எத்தனை பேர், கோ-ஒப் வேலையை (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலையை) கல்லூரி தேடித் தருமா அல்லது நீங்களே தேட வேண்டுமா, வகுப்பில்லாத நேரத்தில் லாப் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள்.