ஆட்டுப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்: நாய்க்குச் செம்மறி இறைச்சி உணவு தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, வயிற்றுப் பக்கம் முடி கொட்டுகிறது என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் இப்போது ஒரே பதில்தான் வருகிறது: "கோழியை நிறுத்துங்கள், ஆட்டிறைச்சிச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள்." உப்புவெளியில் கேட்டாலும் சீனன்குடாவில் கேட்டாலும் இதே ஆலோசனைதான். செம்மறி நல்ல இறைச்சி, பெரும்பாலான நாய்கள் விரும்பித் தின்னும். ஆனால் அது மருந்து அல்ல. எதற்காக மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால் பணமும் போகும், நாயின் அவஸ்தையும் தீராது.

அரிப்பு என்றாலே சாப்பாட்டு ஒவ்வாமை என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. ஆண்டு முழுவதும் வெக்கையாக இருக்கும் நம் ஊரில் தெள்ளுக்கும் உண்ணிக்கும் ஓய்வே கிடையாது. சொறிப் பூச்சியும் பூஞ்சையும் அதற்கு மேல். ஆகவே உணவை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வால் அடிப்பக்க முடியை வாரி, உதிர்வதை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மிளகுத் தூள் போன்ற கறுப்புப் பொட்டுகள் விழுந்து, சிறிது நேரத்தில் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால், அது தெள்ளின் எச்சம். நாயிடமிருந்து குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது. தெள்ளு இருக்கும்வரை எந்த விலை உயர்ந்த உணவுப் பையும் அந்த நாயின் அரிப்பைத் தீர்க்காது. தெள்ளுக் கடி பெரும்பாலும் முதுகின் பின்பாதியிலும் வால் அடியிலும்தான் தெரியும். உணவு ஒவ்வாமை காதுகளிலும் பாதங்களிலும் வயிற்றுப் பக்கத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் கூடுதலாகத் தெரியும். சில நாய்களுக்கு அதோடு வயிற்றோட்டமும் இருக்கும். இந்த அடையாளங்களை மட்டும் வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கால்நடை வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல அவை உதவும்.

ஒவ்வாமைக்கு ஏற்ற இறைச்சி என்ற பெயர் செம்மறிக்கு வந்ததற்குக் காரணம், அது இயற்கையிலேயே சாதுவான இறைச்சி என்பதல்ல. 1980களில் அமெரிக்க நாய்கள் பெரும்பாலும் மாடும் கோழியும் தின்று வளர்ந்தவை. செம்மறி அவற்றின் உடலுக்குப் புதிது. முன்பின் அறியாத புரதத்துக்கு உடல் எதிர்ப்புக் காட்டாது என்பதுதான் கணக்கு. அந்தப் புதுமை இப்போது தேய்ந்துவிட்டது. உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்கள் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாட்டிறைச்சிக்கு 34 சதவீதமும் பால் பொருட்களுக்கு 17 சதவீதமும் கோழிக்கு 15 சதவீதமும் கோதுமைக்கு 13 சதவீதமும் ஒவ்வாமை காட்டியிருந்தன. செம்மறிக்கும் 5 சதவீதம் இருந்தது. குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் நாய் இதுவரை என்னென்ன தின்றிருக்கிறது என்பதுதான். நம் ஊர் நாய்களில் பல சோறும் மீனும் தின்று வளர்ந்தவை. சாளைத் தலை, கோழிக் கழுத்து, பாணோடு பால் எல்லாமே அவற்றுக்குப் பழக்கம். அந்த நாய் ஆட்டையே கண்டதில்லை என்றால் செம்மறி அதற்குப் புதிய புரதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டுக்கறி எலும்பு கிடைக்கும் வீடு என்றால் நிலைமை வேறு. சந்தையில் நாம் வாங்குவது பெரும்பாலும் வெள்ளாடு, பையில் இருப்பது செம்மறி என்றாலும் இரண்டும் நெருங்கிய உறவு. மாட்டிறைச்சியோ பாலோ ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் செம்மறியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனெனில் அவற்றின் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. வைத்தியருடன் பேசி முயல் போன்ற வேறு இறைச்சியையோ, புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த சிறப்பு உணவையோ யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

சோதிப்பதென்றால் முழுமையாகச் சோதியுங்கள். குறைந்தது எட்டு வாரம் ஒரே உணவு. பிஸ்கட் கிடையாது, மீன் முள் கிடையாது, இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரைகூடக் கிடையாது. சின்னப் பிள்ளையின் தட்டிலிருந்து விழும் முட்டைத் துண்டும் கணக்கில் சேரும். அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மீண்டும் சொறிந்தால்தான் குற்றவாளி அந்த உணவு என்பது உறுதியாகும். பலர் பத்தாம் நாளே "இதுவும் சரிவரவில்லை" என்று அடுத்த பைக்குத் தாவிவிடுகிறார்கள். அப்படித் தாவினால் எதுவும் ஒருபோதும் தெரியவராது.

இனிப் பைக்கு வருவோம். முன்பக்கத்தில் புல்வெளியும் செம்மறிக் குட்டியும் அழகாக இருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் பெயரிடும் விதியின்படி, 'லாம்ப் டின்னர்', 'லாம்ப் ரெசிப்பி' போன்ற பெயர் உள்ள உணவில் குறைந்தது 25 சதவீதம் செம்மறி இருக்க வேண்டும். 'வித் லாம்ப்' என்றால் 3 சதவீதம் போதும். 'லாம்ப் ஃபிளேவர்' என்றால் குறைந்தபட்ச அளவே இல்லை, சுவை தெரிந்தால் சரி. ஐரோப்பியப் பைகளில் 'வித் லாம்ப்' என்பதற்கு 4 சதவீதம். நம் கடைகளுக்குப் பல நாடுகளிலிருந்து பைகள் வருகின்றன, எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. ஆகவே முன்பக்கப் பெயரை நம்பி இருக்காமல் பையைத் திருப்புங்கள்.

பின்புறம் உள்ள பொருள் பட்டியல், சேர்க்கும்போது இருந்த எடையின்படி கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக இருக்கும். இப்படி ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: செம்மறி இறைச்சி, உடைந்த அரிசி, சோளம், அரிசித் தவிடு, கோழி மீல், கோழிக் கொழுப்பு, கோழி ஈரல் சாறு. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்காக இதை வாங்கினால் நிறுத்தியதையே காசு கொடுத்துத் திரும்ப ஊட்டுகிறீர்கள். இரண்டாவது, முதலிடத்தில் நிற்கும் பச்சை இறைச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். உலர்த்திய பிறகு அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றாவது, அரிசி இரண்டு பெயரில் பிரிந்து நிற்கிறது. கூட்டினால் அதுவே முதலிடத்துக்கு வரலாம். 'லாம்ப் மீல்' என்று இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். நீரும் கொழுப்பும் நீக்கிய இறைச்சித் தூள் அது, எடைக்கு எடை புரதம் கூடியது. வெறுமனே 'மீட் மீல்' என்றிருந்தால்தான் எந்த மிருகம் என்று தெரியாது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு அதை வாங்காதீர்கள்.

தகர டின்னையும் உலர் உணவையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதும் பிழை. டின்னில் 8 சதவீதப் புரதம், பையில் 26 சதவீதம் என்று பார்த்ததும் பைதான் சத்தானது என்று தோன்றும். டின்னில் ஈரம் 80 சதவீதம் என்றால் மிச்சம் 20. அதில் 8 புரதம் என்றால் உலர்ந்த கணக்கில் 40 சதவீதம். பையில் ஈரம் 10 என்றால், 90இல் 26, அதாவது சுமார் 29 சதவீதம். கைபேசியில் அரை நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, பலர் தேடியே பார்க்காத ஒரு சிறு வரி. 'கம்ப்ளீட் அன்ட் பேலன்ஸ்ட்', அதாவது தனியாகக் கொடுத்தாலே போதுமான சமச்சீர் உணவு என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று சொல்லியிருக்கிறதா? 'கொம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தனி உணவு அல்ல, துணை உணவு. குட்டிக்கு வளர்ச்சிக்கான உணவுதான் வேண்டும். லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கெடும். பெரிய இனக் குட்டிக்கு என்று குறிப்பிட்ட பையையே வாங்குங்கள், அதற்கு மேல் கல்சியம் பவுடர் போடாதீர்கள்.

'தானியம் இல்லாதது' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அரிசி ஒத்துக்கொள்ளாத நாய்கள் அரிது. பட்டாணியும் பருப்பும் நிறைந்த தானியமற்ற உணவுகளுக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது.

பை விலையைக் கண்டு, வீட்டில் ஆட்டிறைச்சி வேகவைத்துக் கொடுத்தால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. வெறும் இறைச்சியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாமல் கால் வளையும். வைத்தியரிடம் அளவு கேட்டுச் செய்தால் நல்லது. ஆனால் நம் சட்டிக் கறியைக் கொடுக்கவே கூடாது: வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கொழுப்பை அள்ளிக் கொடுத்தால் கணையம் வீங்கும். பச்சை ஈரலும் நுரையீரலும் கொடுப்பதால் நாய்க்கு நாடாப்புழு தொற்றலாம். அந்தப் புழுவின் முட்டை மனிதருக்குப் போனால் ஈரலில் நீர்க்கட்டி வளரும். பிள்ளைகள் நாயோடு விளையாடும் வீட்டில் இதை இலேசாக எடுக்காதீர்கள்.

கடைசியாக, நம் ஊர்க் காலநிலைக்கென்றே உள்ள ஒரு தவறு: பெரிய பை மலிவு என்று 15, 20 கிலோ வாங்கி வைப்பது. உலர் உணவை 27 பாகை செல்சியஸுக்குக் கீழ் வைக்கச் சொல்கிறார்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் எந்த அறை அப்படி இருக்கிறது? வெக்கையில் கொழுப்புக் காறிப்போகும், மாரியில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் விடும் நச்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் முற்றாகப் போகாது. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள். பையோடு சேர்த்தே மூடியுள்ள வாளியில் வைத்தால் தயாரிப்பு எண்ணும் காலாவதித் திகதியும் கையில் இருக்கும். பொலித்தீன் பையில் நிறுத்துத் தரும் உணவில் இந்த இரண்டும் கிடையாது, எப்போது பிரித்த மூட்டை என்றும் தெரியாது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை வாங்க வேண்டாம்.

மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். இடையில் வயிறு இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் பொறுங்கள். வாந்தியோ இரத்தம் கலந்த கழிச்சலோ கண்டால் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை வைத்தியரிடம் போங்கள்.