எட்டு பாரோடு நின்றுபோகும் மெட்டுகள்: வளர்ந்த பிறகு இசை கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது வந்த பிறகு வாசிக்கவும் மெட்டுப் போடவும் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பலவும் நானே தாண்டி வந்தவை என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் பயிற்சி வேண்டும், சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

எல்லாம் கற்றுவிட்டுத்தான் மெட்டு என்று காத்திருப்பது

"தியரி கொஞ்சம் முடியட்டும் சார், அப்புறம் சொந்தமாகப் போட்டுப் பார்க்கிறேன்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723-ல் தன் இன்வென்ஷன்களுக்கு (கீபோர்டு பயிற்சிக்கான சிறு இசைத் துண்டுகள்) எழுதிய முன்னுரையைப் பாருங்கள்: சேர்ந்து ஓடும் மெட்டு வரிகளைத் தெளிவாக வாசிப்பது, நல்ல இசைக்கருக்களைப் பிடித்து வளர்ப்பது, இசையமைப்பின் ருசியை முன்கூட்டியே காட்டுவது, எல்லாம் ஒரே பயிற்சியின் நோக்கங்களாக அதில் வருகின்றன. நம் கல்பனாஸ்வரத்திலும் அப்படித்தான். பாடுபவர் அந்த நிமிடத்தில் ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டே போய், தாளம் தவறாமல் எடுப்பில், அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்தில், வந்து சேர்கிறார், அதில் எதுவரை பாட்டு, எதுவரை படைப்பு என்று யார் கோடு போடுவது? உங்களுக்கு ஐந்து ஸ்வரம்தான் வசப்பட்டிருக்கிறதா, ஐந்திலேயே போடுங்கள். மோகன ராகத்துக்கே ஐந்துதான்.

எட்டு பாரிலேயே சுற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்க்கும்போதுதான், ஏனென்றால் நல்ல காது உள்ளவர்களின் வருஷங்களை இது தின்றுவிடுகிறது.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். கணினியில் அவருடைய மெட்டுகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன, எல்லாமே எட்டு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று), எல்லாமே லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுபவை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கணினியை மூடிவிட்டுக் கீபோர்டில் முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள் என்றேன். ஒன்பதாவது பாரில் கை நின்றுவிட்டது, அதற்கு மேல் அங்கே எதுவுமே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஒரே எட்டு பாரைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது அதற்குப் பழகிவிடும், பழகியதெல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அப்போது மெட்டை முன்னே நகர்த்துவதற்குப் பதிலாக அதன் மேலேயே அடுக்க ஆரம்பிக்கிறோம். ஒரு வயலின், ஒரு டிரம், இன்னும் கொஞ்சம் எதிரொலி. சத்தம் தடிக்கிறது, பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெரியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வருஷம் நல்ல இசையாகவே கேட்டு ரசனை எங்கேயோ உயரத்துக்குப் போயிருக்கும், கையோ இப்போதுதான் பழகுகிறது, ஒன்பதாவது பார் சுமாராக வந்தால் கூச்சமாகிவிடும், அதனால் ஏற்கெனவே நன்றாக இருக்கும் எட்டையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இசையமைப்பில் கற்க வேண்டியதில் பாதி அந்த ஒன்பதாவது பாரில்தான் தொடங்குகிறது. இதையே திரும்பச் சொல்வதா, மாற்றுவதா, மேல் ஸ்தாயிக்குப் போவதா, ஒரு பார் மௌனமாக விடுவதா, போன இடத்திலிருந்து எப்படித் திரும்பி வருவது, எங்கே எப்படி முடிப்பது. முடிக்காத மெட்டு நூறு போட்டாலும் இதில் ஒன்றுகூடப் பிடிபடாது.

அவருக்கு நான் கொடுத்த வேலை இதுதான்: கணினி கிடையாது, ஐந்து ஸ்வரம், ஒரு பகுதி, அதற்கு மாறான இன்னொரு பகுதி, மறுபடி முதல் பகுதி, ஒரு முடிவு. மட்டமாக இருந்தாலும் சரி, முடிக்க வேண்டும், முடித்ததை நான்கு பேர் முன்னால் வாசிக்க வேண்டும். அவர் கொண்டுவந்தது சாதாரண மெட்டுதான். வாசித்து முடித்ததும் அவராகவே சொன்னார், "நடுப்பகுதி ரொம்ப நீளம்." அறையில் தனியாக இருந்தபோது அது அவருக்குக் கேட்கவே இல்லை, எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டது. மெட்டுப் போடுபவர் வாசித்தும் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

தப்பு வந்த இடத்தில் நின்று திருத்துவது

தனியாகப் பயிற்சி செய்யும்போது நின்று திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் எப்போதும் அப்படியே செய்தால், தப்பு வந்ததும் நிற்பது என்பதும் கைக்குப் பாடமாகிவிடும், மேடையிலும் கை தானாக நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிஷம் தனியாக ஒதுக்கி, எது நடந்தாலும் தாளத்தை விடாமல் கடைசிவரை போய்ச் சேருங்கள். ஸ்வரம் போனால் போகட்டும்.

புதுக் கருவி, புது சாஃப்ட்வேர்

இப்போது வேண்டாம்.

பதிவு செய்யாமல் விடுவது

ஃபோன் போதும். மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்காதீர்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

வாசித்து முடித்ததும் இப்படிக் கேட்டால் நண்பர்கள் "சூப்பர்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது, எந்த இடம் இன்னும் மனதில் ஓடுகிறது என்று கேளுங்கள். இசை தெரியாதவர்கூட இதற்குச் சரியாகப் பதில் சொல்வார். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால், அடுத்து உட்காரும்போது முதலில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.