மண்டபம் ஆபீஸ் கணினியை மதுரையிலிருந்து பாதுகாப்பாகத் திறப்பது எப்படி?

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் கம்பெனியோ ஐஸ் பிளாண்டோ நடத்துகிறீர்கள்; கணக்கு முழுக்க ஆபீஸ் கணினியில் டேலியில் இருக்கிறது, ஆடிட்டர் மதுரையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பென்டிரைவோடு ஆளை பஸ் ஏற்றாமல், அந்தக் கணினிக்கே வெளியிலிருந்து வழி போடலாம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதற்கு வசதியான நேரம். வேலை குறைவு, நிதானமாகச் செய்யலாம்.

முதலில் டேலி டேட்டாவைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். அப்புறம் விண்டோஸ் எந்த வகை என்று பாருங்கள். ஹோம் என்றால், தூரத்திலிருந்து கணினியைத் திறக்கும் விண்டோஸ் வசதியான ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வர முடியாது, புரோ வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரிமோட் டெஸ்க்டாப் போய் ஆன் செய்யுங்கள். ஆடிட்டருக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசரும் நீளமான பாஸ்வேர்டும் உருவாக்கி, அங்கேயே அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள்.

அடுத்தது கவனமாகச் செய்ய வேண்டியது. ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இரவு பகலாகப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையமெங்கும் ஓடுகின்றன. 2019இல் தெரியவந்த 'ப்ளூகீப்' ஓட்டை வழியாக, விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடிந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால் கணக்கு மொத்தமும் பூட்டப்படும்.

அதற்குப் பதில், உங்கள் கணினிகளுக்கு மட்டும் இணையத்துக்குள் தனி வழி போட்டுத் தரும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் போடுங்கள். ஆபீஸ் கணினியிலும் மதுரையில் ஆடிட்டர் பயன்படுத்தும் லேப்டாப்பிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஆபீஸ் கணினிக்கு 100 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். லேப்டாப்பின் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனில் அதைக் கொடுத்தால் திரை வந்துவிடும். சிம் போட்ட ரூட்டரிலும் இது ஓடும்.

இரண்டு அமைப்புகளை விட்டுவிடாதீர்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி யாரும் லாகின் செய்யாதபோதும் விபிஎன் ஓட, ஆபீஸ் கணினியின் டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' ஆன் செய்யுங்கள். டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்தில் அந்தக் கணினிக்கு 'கீ எக்ஸ்பைரி'யை, அதாவது அனுமதி காலாவதியாவதை, நிறுத்துங்கள். இல்லையென்றால் வழக்கமான அமைப்பில் 180 நாளில் இணைப்பு அறுந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் வரும். கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழும்படி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) மாற்றுங்கள். யுபிஎஸ்ஸில் ரூட்டரையும் பைபர் பெட்டியையும் சேர்த்தே மாட்டுங்கள்.

சோதிக்கும்போது ஆபீஸ் வைபையை விட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். ஆடிட்டர் உள்ளே வந்தால் மேசையில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும், அதனால் நேரம் பேசி வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான லைசென்ஸும் வாங்க வேண்டும்.

மாதக் கட்டணத்துக்கு ஒரு ஐடி நிறுவனத்திடம் பராமரிப்பை ஒப்படைத்தாலும், டெயில்ஸ்கேல் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவர்கள் ஆட்களுக்குத் தனித்தனி யூசர் கொடுங்கள். ஆள் மாறினால் அன்றே நீக்குங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றச் சொல்லி, கடைசியாகப் போட்ட பில் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.